தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளை

செங்கல்பட்டு ஏரிக்கரைப் பக்கம் இருக்கிற அந்த ஆஸ்பத்திரியை யாருக்கும் பிடிக்காது. எப்போது வெளியே வருவோம் என்று நினைத்துக்கொண்டேதான் எல்லோரும் உள்ளே போவார்கள். கண்ணகிக்கு மட்டும் அந்த இடத்தின் மேல் ஓர் ஏக்கம் உண்டு. சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று புருஷன் ஆனந்தனிடம்கூட அவள் சொன்னதில்லை.

சங்கதி இதுதான். எட்டொன்பது வருஷத்துக்கு முன்னால் அவளுடைய தலைப்பிள்ளை அங்கேதான் பிறந்தான். மாதம் நிறையாமல் பிறந்தவன், பச்சிளங்குழந்தை வார்டிலேயே கொஞ்ச நாள் இருந்துவிட்டு அங்கேயே போய்விட்டான். திருவிடந்தையில் இருக்கிற வீட்டுக்கு அவன் வந்ததே இல்லை. கடற்கரைச் சவுக்குத் தோப்பில் கொண்டுபோய்ப் புதைத்தார்கள், பெண்களை வர விடவில்லை. ஆக, தன் பிள்ளை இருந்த இடம் என்று அவளுக்குத் தெரிந்தது இந்த ஆஸ்பத்திரி ஒன்றுதான். செத்தவர்கள் ஞாபகமாக மற்ற வீடுகளில் ஒரு சட்டையாவது செருப்பாவது மிஞ்சும். இவளுக்கு மிஞ்சியது ஒரு கண்ணாடிக் கதவும் ஒரு குரலும்.

குரல் லதா சிஸ்டருடையது. பால் கொடுக்கிற நேரம் வந்தால் கதவைப் பாதி திறந்து, "கண்ணகி குழந்தை. அம்மா யாரு?" என்று கூப்பிடுவாள். பேர் வைக்காத பிள்ளைகளுக்கு அங்கே தாயின் பேர்தான் பேர். கண்ணகிக்கு அப்போது சின்ன வயசு. தையல் இழுக்கிற வலியோடு எழுந்து, "நான்தான் சிஸ்டர், என் புள்ளதான்" என்று தாழ்வாரம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டு போவாள். "ஊர்ல இவ ஒருத்திதான் புள்ள பெத்தவ" என்று பெஞ்சில் இருக்கிறவர்கள் கேலி பண்ணுவார்கள். கேலி பண்ணட்டுமே, அவளுக்குப் பெருமை தாங்காது.

அந்த நாட்களை இப்போதும் அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பாள். ரயில் போகும்போது கிடுகிடுக்கும் ஜன்னல், அதற்கு அப்பால் ஏரித் தண்ணீர், கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டிவிட்டு ஆனந்தன் பஸ் பிடித்துக் கொண்டுவரும் ஆறிப்போன இட்லி. "வூட்டுக்கு வந்ததும் இவன மகாபலிபுரம் கூட்டிகினு போவேன், கடல்ல கால் நனைய வைப்பேன்" என்பான் அவன். உள்ளே பிள்ளை அவள் சுண்டு விரலைப் பிடித்துக்கொள்வான். அந்தப் பிடி பூனைக்குட்டி பிடிக்கிற மாதிரிதான் இருக்கும், ஆனால் விட மாட்டான். அதைவிடச் சந்தோஷமாக அவள் எங்கேயும் இருந்ததில்லை.

பிறகு அவன் வயிறு உப்பியது. காலையில் பார்த்தபோது லேசாகத்தான் இருந்தது, மத்தியானத்துக்குள் தோல் பளபளவென்று ஆகிவிட்டது. குடல் வீங்கி ஓட்டை விழுந்துவிட்டது என்றார்கள். ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். லதா சிஸ்டர் அதற்கப்புறம் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்து படுத்துக் கிடந்தவளிடம் நாத்தனார் காசியம்மாள்தான் அதைச் சொன்னாள். "ஓயாம என் புள்ள என் புள்ளன்னு ஊருக்கே கேக்க சொல்லிகினு இருந்தியாமே. கண்ணு படாம இன்னா பண்ணும்?" காசியம்மாள் கெட்டவள் இல்லை, அவளும் அழுதுகொண்டேதான் சொன்னாள். ஆனாலும் அந்த வார்த்தை கண்ணகியின் நெஞ்சில் முள்ளாக ஏறி உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து தன் வாயைத்தான் அவள் குற்றவாளியாக நினைத்தாள்.

இத்தனை வருஷம் கழித்து மறுபடி ஒரு பிள்ளை தங்கியது. எவ்வளவு பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டும் இதுவும் மாதம் நிறைய விடவில்லை. பெண் குழந்தை. அதே ஆஸ்பத்திரி, அதே கண்ணாடிக் கதவு. லதா சிஸ்டருக்கு மூக்குக் கண்ணாடி வந்திருந்தது, தலை பாதி நரைத்திருந்தது. "கண்ணகி குழந்தை" என்று தொட்டிலில் ஒட்டியிருந்த சீட்டைக் கண்ணகி இரண்டு தடவை படித்தாள். அவனுக்கும் இதேதான் பேர். சிஸ்டருக்குத் தன்னை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க ஆசை, கேட்கப் பயம். எத்தனை ஆயிரம் பிள்ளைகளைப் பார்த்தவளோ, எதை ஞாபகம் வைத்துக்கொள்வாள் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

காசியம்மாள் மாட்டுத் தீவனக் கடையில் தவிடு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். வாசலில் வாட்ச்மேன் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, உள்ள மாடு கட்டப் போறியா?" என்று கேட்டான். முன்னால் ஒன்று போய்விட்ட வீட்டில் அடுத்த பிள்ளையை இன்னொருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். அவள் தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையைத் தன்னுடையது என்று சொல்லிவிட வேண்டும். பெற்றவள் "என் புள்ள" என்று வாயைத் திறக்கக் கூடாது. தேடிக்கொண்டு வருகிற எமன், இது வேறு யார் வீட்டுப் பிள்ளையோ என்று ஏமாந்து போய்விடுவான். தவிடன், தவிட்டம்மா என்று பேர் உள்ளவர்களை விசாரித்துப் பாருங்கள், அவர்களுக்கு முன்னால் ஒன்று தவறியிருக்கும்.

வாங்குவதற்கு ஆள் கிடைத்தது ஜாக்குலின். படாளத்துப் பெண், பக்கத்துக் கட்டில்காரி, கிறிஸ்தவப் பெண். அவளுக்கும் மாதம் முந்திப் பிறந்த பையன்தான், ஆனால் எடை தேறிவிட்டான், அழுதால் வார்டே அதிரும். விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எங்க பாஸ்டருக்குத் தெரிஞ்சா தோல உரிச்சிடுவாரு. ஆனா ஒண்ணு அக்கா, எங்க வூட்டு அட்ரஸ் எமனுக்குத் தெரியவே தெரியாது. தாராளமா குடு" என்றாள்.

துணி காயப்போடுகிற மொட்டை மாடியில் வியாபாரம் முடிந்தது. பிள்ளையை வெளியே எடுத்துவர முடியாதே, அதனால் பிள்ளையின் தொப்பி ஒன்றைக் கொடுத்தார்கள். ஜாக்குலின் ஒரு பிடி தவிட்டைக் கண்ணகியின் முந்தானையில் போட்டாள். "இனிமே அது என் புள்ள. நீ சும்மா வேடிக்க பாரு" என்று விளையாட்டாகச் சொன்னவள், கண்ணகி அழுவதைப் பார்த்ததும் விளையாட்டை விட்டுவிட்டாள். "மெய்யாலுமே சொல்றேங்க்கா. யார் கேட்டாலும் என் புள்ளன்னுதான் சொல்வேன்." கண்ணகி தவிட்டை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

இது நடந்த பிறகுதான் டாக்டர் கீர்த்தனா தாய்மார்களை எல்லாம் கூட்டிவைத்துப் பேசினாள். சின்னப் பெண், பொறுமைசாலி. மாதம் முந்திப் பிறந்த குழந்தைகளுக்குக் குடல் வீங்கிப் புண்ணாகிற வியாதி ஒன்று உண்டு என்றும், வயிறு உப்பின பிறகு பார்த்தால் சிலசமயம் நேரம் கடந்துவிடும் என்றும் சொன்னாள்.

"குடல்ல அழற்சி ஆரம்பிச்சா வெள்ளை அணுக்கள் சண்டை போட அங்க வரும். வந்து ஒரு புரதத்தைக் கொட்டும். அது குழந்தை வெளிய போறதுல கலந்து வரும். வயிறு வீங்கறதுக்கு முன்னாடியே அது ஏற ஆரம்பிச்சிடலாம். அத மட்டும் வச்சு முடிவு பண்ண மாட்டோம், ஆனா ஏறிச்சுன்னா நாங்க உஷாராயிடுவோம். அதனால குழந்தையோட அழுக்குத் துணியத் தூக்கிப் போடாம சிஸ்டர்கிட்ட குடுங்க."

கண்ணகி எழுந்து நின்றாள். "இது அப்பவே இருந்துச்சா டாக்டர்?"

"எப்பம்மா?"

"ஒண்ணுல்ல."

"இங்க இப்பதான் ஆரம்பிச்சிருக்கோம்" என்றாள் டாக்டர். கண்ணகி உட்கார்ந்துவிட்டாள். ஒரு துணியில் இருந்திருக்கிறது சேதி. அவனுடைய துணிகளை அலசி அலசி அதே மொட்டை மாடியில் காயப்போட்டவள் அவள்தான். அன்றைக்குப் பூராவும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மகள் துணியை அழுக்காக்கியிருந்தாள். கவுன் மாட்டிக்கொண்டு தாய்மாரே உள்ளே போய்த் துணி மாற்றலாம் என்று அங்கே ஒரு பழக்கம். கண்ணகி மாற்றினாள், அழுக்குத் துணியைக் கவரில் போட்டாள், ஆனால் அதை எடுத்துக்கொண்டு சிஸ்டர் மேஜைக்குப் போக அவளால் முடியவில்லை. போனால் யார் பிள்ளை என்று கேட்பார்கள், என் பிள்ளை என்று சொல்ல வேண்டி வரும். கவரை ஜாக்குலினிடம் நீட்டினாள். ஜாக்குலின் புரிந்துகொண்டு கண்ணைச் சிமிட்டினாள்.

மேஜையில் இருந்தது புதிதாக வந்த சிஸ்டர். "யார் குழந்தை?"

"எங்க வூட்டுப் புள்ளதான்" என்றாள் ஜாக்குலின், வாக்குக் கொடுத்தவள் ஆயிற்றே.

"பேரு?"

"ஜாக்குலின் குழந்தை."

சிஸ்டர் எழுதி ஒட்டினாள். பிள்ளையை எடை போடுகிற மாதிரி இதுவும் ஏதோ ஒன்று, இதில் பேரில் என்ன இருக்கிறது என்று ஜாக்குலின் நினைத்தாள். சும்மா சொல்லக் கூடாது, கண்ணகிக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான். எமன் பரிசோதனை அறை வரைக்கும் வந்து தேடினாலும் அவள் பிள்ளை கிடைக்க மாட்டாள்.

முடிவு வந்த காலையில் ஜாக்குலினைக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவள் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அந்தப் புரதம் ரொம்ப ஏறியிருக்குதாங்க்கா. பால நிறுத்திட்டாங்க. வாய் வழியா குழாய் வுட்டுட்டாங்க. நல்லாத்தானே இருந்தான்? நேத்துகூட அந்தக் கத்து கத்தினானே." அவளுக்கு அந்தத் துணி, அந்தக் கவர், மேஜையில் சொன்ன பேர் எதுவுமே ஞாபகத்துக்கு வரவில்லை. பயம் வந்துவிட்டால் யாருக்குத்தான் புத்தி வேலை செய்யும்? உள்ளே பையன் பசியில் வீறிட்டான். அந்தச் சத்தம் கண்ணாடிக் கதவைத் தாண்டித் தாழ்வாரம் வரைக்கும் வந்தது.

கண்ணகிக்குப் புரிந்துவிட்டது. துணி அவள் பிள்ளையுடையது. அப்படியானால் எரிகிற குடலும் அவள் பிள்ளையுடையதுதான். அந்தக் குடலுக்குத்தான் இன்று காலையில் பாலைக் கூட்டிக் கொடுத்திருந்தார்கள், நன்றாகக் குடிக்கிறாள் என்று.

சொல்ல வேண்டும். சொல்வதென்றால் அந்த வார்த்தையைத்தான் சொல்ல வேண்டும், வேறு வார்த்தை கிடையாது. எதற்குப் பயந்து இத்தனை வருஷம் வாயைக் கட்டினாளோ, எதற்காகத் தவிட்டை மடியில் கட்டினாளோ, அதைத் தானே அவிழ்க்க வேண்டும். வெளியே ஒரு ரயில் போயிற்று. அது போய் முடிகிற வரைக்கும் கண்ணகி வாயைத் திறக்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்துக்காக அவள் தன்னைப் பிற்பாடு மன்னிக்கவே இல்லை. ஜன்னல் கிடுகிடுத்தது, அவளுக்கு அவன் பிடித்த விரல் ஞாபகம் வந்தது. அவனுக்கு அன்றைக்கு இப்படி ஒரு சேதி முன்கூட்டி வந்திருந்தால் இந்தக் கதவை உடைத்துக்கொண்டு போயிருப்பாளே.

எழுந்துபோய்க் கண்ணாடியைத் தட்டினாள். தட்டக் கூடாது என்று எழுதியே போட்டிருந்தார்கள். லதா சிஸ்டர் கோபமாகக் கதவைத் திறந்தாள்.

"அந்தத் துணி ஜாக்குலின் புள்ளது இல்ல சிஸ்டர்."

"பின்ன யாருது?"

கண்ணகியின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. 

"சொல்லும்மா. யார் குழந்தையோடது?"

"என் புள்ளது" என்றாள் கண்ணகி. "கண்ணகி குழந்தை. என் புள்ள சிஸ்டர். அவளுக்குத்தான் ஏறியிருக்குது. அவளுக்குப் பால நிறுத்துங்க."

லதா சிஸ்டர் அவளை ஒரு பார்வை பார்த்தாள், மறுபேச்சுப் பேசாமல் உள்ளே ஓடினாள். கண்ணகி முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தவிட்டை ஜாக்குலினின் கையில் கொட்டினாள்.

"இந்தா ஜாக்கு. வியாபாரம் முறிஞ்சுது. உன் புள்ளைக்கு ஒண்ணுமில்ல."

ஜாக்குலின் கையில் இருந்த தவிட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. திட்டுவாள் என்று கண்ணகி எதிர்பார்த்தாள். திட்டத்தான் செய்தாள், ஆனால் தன்னையே. "என் வாயால என் பேரச் சொல்லிட்டு வந்தேனே. பாவி, உன் புள்ளைக்கு இன்னா ஆயிருக்கும்?"

டாக்டர் கீர்த்தனா அன்றைக்குப் பொறுமைசாலியாக இல்லை. இரண்டு பேரையும் நிற்கவைத்துக் காய்ச்சி எடுத்தாள். அது முடிந்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். கண்ணகி மகளின் வயிறு லேசாக இறுகியிருக்கிறது, எக்ஸ்ரேயில் குடல் வீங்கித் தெரிகிறது, ஓட்டை இல்லை, ஆரம்பத்தில் பிடித்துவிட்டோம். பாலை நிறுத்தி மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. தேறாவிட்டால் ஆபரேஷன் டாக்டரைக் கூப்பிட வேண்டியிருக்கும். "இந்தப் பரிசோதனைக்கு அளவுதான் தெரியும்மா, யார் குழந்தைன்னு தெரியாது. அத நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

சாயங்காலம் ஆனந்தன் வந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னா கண்ணகி நீ, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல" என்றான்.  காசியம்மாள் போனில் வந்தாள். "வாயத் தொறந்துட்டியாமே கண்ணகி. மறுபடியுமா?"

"அண்ணி" என்றாள் கண்ணகி. "அவன் என் வாயால போகல அண்ணி. குடல் வீங்கிப் போனான். அப்ப அது யாருக்கும் முன்னாடி தெரியல. அவ்ளோதான்."  அந்தப் பக்கம் காசியம்மாள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "நான்தான் அப்டிச் சொன்னேன், இல்ல?" என்றாள்.  நெஞ்சிலிருந்து முள்ளைப் பிடுங்கினால் சந்தோஷம் வரும் என்று கண்ணகி நினைத்திருந்தாள், வந்ததோ அழுகைதான்.

அடுத்த நாட்கள் அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தாள். மகளின் வயிற்றைச் சுற்றி நாடா வைத்து அளந்து அளந்து பார்த்தார்கள். ரத்தத்தில் அழற்சியைக் காட்டுகிற இன்னொரு புரதத்தையும் பார்த்தார்கள், அது ஒரு நாள் ஏறி, ஒரு நாள் நின்று, பிறகு மெல்ல இறங்கியது. பிள்ளை குடிக்காவிட்டாலும் கண்ணகி வேளாவேளைக்குப் பாலைப் பீய்ச்சிச் சேர்த்துவைத்தாள். நின்றுபோனால் அப்புறம் ஊறாது என்று சிஸ்டர்கள் சொல்லியிருந்தார்கள். வலித்தது. அப்போதும் இப்படித்தான் வலித்தது. அன்று பிள்ளை போன பிறகும் பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகக் கனத்ததை நினைத்தபடியே பீய்ச்சினாள். முன்பெல்லாம் அந்த நினைப்பை விரட்டிவிடுவாள். இப்போது வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டாள், அவனும் தங்கச்சியைப் பார்க்க வருகிற மாதிரி இருந்தது.

மகள் மறுபடி துணியை அழுக்காக்கிய அன்று, கவரை அவளே எடுத்துக்கொண்டு மேஜைக்குப் போனாள். யார் குழந்தை என்று அந்தப் புது சிஸ்டர் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னாள். இந்தத் தடவை வந்த முடிவில் அளவு நன்றாகவே இறங்கியிருந்தது.

ஜாக்குலின் அந்தத் தவிட்டை இன்னும் ஒரு காகிதத்தில் பொட்டலமாக வைத்திருந்தாள். என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. டீக்கடைக்கு வந்தபோது வாசலில் நின்ற மாடு பொட்டலத்தை மோந்து பார்த்தது. ஜாக்குலின் பிரித்து நீட்டினாள். ஒரே நக்கில் காலி. "இதுக்கா இந்தப் பாடு பட்டோம்" என்றாள் ஜாக்குலின். இரண்டு பேரும் ரோடு என்றும் பாராமல் சிரித்தார்கள்.

திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக் கதவு பாதி திறந்தது. லதா சிஸ்டர் தலையை நீட்டினாள். கையில் பால் புகட்டுகிற சின்னப் பாலாடை. குரல் அப்போது மாதிரி கணீரென்று இல்லை, கொஞ்சம் கரகரத்துவிட்டது. ஆனால் அதே குரல்தான்.

"கண்ணகி குழந்தை. அம்மா யாரு?"

கண்ணகி எழுந்துவிட்டாள். தையல் இழுத்தது. "நான்தான் சிஸ்டர்" என்றாள், தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. "என் புள்ளதான்."

"ஊர்ல இவ ஒருத்திதான் புள்ள பெத்தவ" என்றாள் பெஞ்சிலிருந்து ஜாக்குலின்.

கண்ணகி கதவருகே போனாள். லதா சிஸ்டர் கதவை விரியத் திறந்து பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் பாலாடையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"தெரியும்மா. ரெண்டுக்கும் நீதான் அம்மா. கைய கழுவிட்டு வா."